நீ வழுவழுவென்று இழைத்த தடி

என் திமிர் பிடித்த தங்கத் தம்பி ராசுவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் வருஷத் திதி போன வாரம் முடிந்தது. வடை நன்றாக வந்திருந்தது, உனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. இலை போட்டு வெகுநேரம் ஒரு காக்கையும் இறங்கவில்லை. ராசுவுக்கு ஏதோ கோபம் போல என்றார்கள் சொந்தக்காரர்கள். கோபப்பட வேண்டியது அவனா, நானா என்று கேட்டேன். எல்லாரும் சாம்பாரைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

உன் நினைவு மலரில் போடுவதற்கு உன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அலங்காரமாக எழுத வராது. திட்ட வரும். உன்னை நேரில் திட்டித் திட்டியே வளர்த்தேன், அதே வாயால்தான் கொஞ்சவும் செய்தேன். இப்போது ஊரே கேட்கும்படி திட்டப் போகிறேன். ஓடிப்போகவும் முடியாது உன்னால்.

துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் விதி என்றார்கள். பாவம், விதி என்ன செய்தது உன்னை? அது பாட்டுக்கு எங்கேயோ இருந்தது. உன் தலையில் அடித்தது ஒரு மரத் தடி. அந்தத் தடி ஏன் உன் தலை உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்த நாளிலிருந்து என் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதுவரை நீ காதைப் பொத்திக்கொள்.

ராசுவும் நானும் மைசூரில் பட்டுப்புடவைக்கு ரோல் பாலிஷ் போடுகிற கடை வைத்திருந்தோம். கசங்கிப்போன பட்டை லேசாக நனைத்து, உருளையில் இழுத்துச் சுற்றி, கல்யாணத்தன்று இருந்த மாதிரி ஆக்கித் தருகிற வேலை. எங்களிடம் புடவை போடுகிற வீடுகளில் ஒன்று, கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. கண்ணம்பாடி அணையின் பேக்வாட்டரில், ஒரு தோட்டத்துக் கரையில், அவர் ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். உள்ளே படுத்துத் தூங்க ஒரு சின்ன அறைகூட உண்டு. புடவை கொடுக்கப் போன என் தம்பி ஒருநாள் அதில் ஏறினான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவன் வீட்டில் நடந்ததே இல்லை. பெரியவர் முழங்கால் வலியோடு மங்களூரில் மகள் வீட்டுக்குப் போனபோது படகை இவனிடமே விட்டுவிட்டுப் போனார்.

ராசுவின் மனைவி கனகு, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதில் எவ்வளவு நிதானமோ அவ்வளவு நிதானம் படகிலும். ஓட்டக் கற்றுக்கொண்டது அவன் முதலில், நன்றாக ஓட்டியது இவள். ராசு, இதை மறுப்பாய் என்று தெரியும். நான் கரையில் உட்கார்ந்து பார்த்தவள். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். புளிச்சாதத்தையும் உங்கள் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு, உங்களைக் கேலி செய்துகொண்டு இருப்பேன்.

இனி அந்தத் தடி. பாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படுக்கைவாட்டில் இருக்கும். பூம் என்று சொல்வார்கள். காற்று முரட்டுத்தனமாக அடிக்கும்போது முழுப் பாயையும் விரித்து வைத்தால் படகு சாய்ந்துவிடும், பாயைச் சின்னதாக்க வேண்டும். இந்தப் படகில் அதற்கு பூம் தடியே உருளும். பாய்மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. பாயை மேலே ஏற்றுகிற கயிற்றை ஒருவர் மெல்லத் தளர்த்த, இன்னொருவர் கைப்பிடியைச் சுற்ற, பாய் தடிமேல் சுருண்டுகொள்ளும். நம் கடை உருளையில் புடவை சுருள்கிற அதே மாதிரி. ஆறு நாள் உருளை சுற்றியது போதாது என்று ஏழாம் நாளும் உருளை சுற்றப் போகிறாயே, உனக்கு வேறு சொர்க்கமே கிடையாதா என்று உன்னை எத்தனை தடவை வம்புக்கு இழுத்திருப்பேன்.

ஆனால் கரையிலிருந்து பார்க்கிறவளுக்கு ஒன்று தெரிந்தது. முழுப் பாய் இருக்கும்போது பூம் ஒழுங்காக இருக்கும். சுற்றச் சுற்ற அதன் வால்பக்கம் தொங்கிப்போகும். பாய் வயிறு ஊதிப் பை மாதிரி ஆகிவிடும். அந்தத் தொங்கின வால் நீ உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிற இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும். எனக்கு அது புதிதில்லை. ஒரு பக்கம் மட்டும் கனத்த ஜரிகை பார்டர் வைத்த புடவையைச் சுற்றினால் நம் உருளையிலும் இதுதான் நடக்கும். பார்டர் பக்கம் தடித்துக்கொண்டே போகும், அந்தப் பக்கம் துணியை அதிகமாக இழுக்கும், மறுபக்கம் தொளதொளவென்று நிற்கும். அதற்குத்தானே மெலிந்த பக்கத்தில் துணிப்பட்டை வைத்துச் சமன் செய்கிறோம்? உன் பாய்க்கும் பாய்மரத்துப் பக்கத்து ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்திருந்தது. சுற்றும்போது அந்தப் பக்கம்தான் தடிக்கும். வால்பக்கம் பட்டினி.

அதைக் கரையில் நின்று கத்திச் சொன்னேன். படகை ஓட்டிக்கொண்டு வந்து, சட்டையைக்கூடப் பிழியாமல் பதில் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா?

"அக்கா, இது பாய். உம் பொடவை வேலையெல்லாம் கடையோட வெச்சுக்க."

கனகு உன் பக்கத்தில் நின்று பாயை மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். பூம் எகிறிக் குதிக்காமல் கீழே இழுத்துப் பிடிக்க ஒரு கப்பிக் கயிறு உண்டு. தடி உருண்டால் அந்தக் கயிறு குறுக்கே வரும் என்று பாயைச் சுருட்டுகிற நேரத்தில் அதைக் கழற்றிவிடுவாய். காற்று பலமாக இருக்கிற நேரத்தில்தான் பாயைச் சுருட்டுகிறோம், அதே நேரத்தில் பிடித்து வைக்கிற கயிற்றையும் அவிழ்த்துவிட்டால் எப்படி என்று அவள் கேட்டாள். கொஞ்ச தூரந்தானே கனகு என்று சிரித்துவிட்டுப் போனாய். எது கொஞ்ச தூரம், ராசு?

அன்றைக்கு ஆனிக் காற்று. நான் கரையில் இல்லை, கடையில் இருந்தேன், முகூர்த்த நாள் நெருக்கம். கனகு சொன்னதுதான் எனக்குத் தெரிந்தது. பாயைப் பாதி சுருட்டிக்கொண்டு, காற்றை முதுகில் வாங்கியபடி கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பை மாதிரி ஊதின பாய் ஒரு பக்கம் இழுக்க, படகு உன் சொல் கேட்கவில்லை. காற்று பாயின் பின்பக்கம் புகுந்துவிட்டது. பிடிக்கக் கயிறு இல்லாத பூம் மேலே எகிறி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வீசிக்கொண்டு வந்தது. அவள் குனி என்று கத்தினாள். நீ திரும்பிப் பார்த்தாய்.

அவள் ஒருத்தியாகப் பாயை இறக்கினாள். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் சுக்கானைத் தள்ளித் தள்ளிப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் உன் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. நாடி நின்றபோதும் டிரைவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேகத்தைக் குறைத்துவிடுவார் என்று பயந்தாளாம்.

இதைச் செய்தவளிடம் போய், அவள் ராசி சரியில்லை என்று ஒரு பெரியம்மா சொன்னாள். அந்தப் பெரியம்மாவோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. அதையும் உன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் சாம்பலைப் பஸ்சிமவாகினிப் படித்துறையில் ஆற்றில் கரைத்தோம். மறுபடியும் தண்ணீரில்தானா என்று உன் மகள் நித்யா வாய்விட்டுக் கேட்டாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

படகைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். நான் அதைக் கோடாலியால் பிளந்து அடுப்பு எரிக்கலாம் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆசாரியிடம்கூட விசாரித்தேன், இந்தப் பலகை எரியும்போது நாறும் என்றார்.

தை முடிந்து ஒருநாள் கனகு கடைக்கு வந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. நான் உருளையில் ஒரு கத்தரிப்பூக் கலர் புடவையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ நிற்கிற இடத்தில் நின்று, புடவையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஊசி போடுகிற குரலில் சொன்னாள்.

"அண்ணி, நான் படகை எறக்கப் போறேன்."

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்துவிடும். சுற்றிக்கொண்டே, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன்.

"எனக்கு அந்தத் தண்ணி வேணும் அண்ணி. வாரம் முச்சூடும் ஆஸ்பத்திரியில மத்தவங்க வலியைப் பாக்கறேன். ஞாயித்துக்கெழம அங்க போனாத்தான் எனக்கு மூச்சு வரும். அவரையும் எடுத்துக்கிட்டு, அதையும் எடுத்துக்கிட்டா, எனக்குன்னு மிச்சம் என்ன இருக்குது?"

புருஷனை அடித்துப் போட்ட தடிக்குக் கீழேயே போய் உட்காரப் போகிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"நீங்க சரி பண்ணிக் குடுங்க. இல்லாட்டி அப்படியே எறக்கறேன்."

சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். பிடிவாதத்தில் நீ தேர்ந்தெடுத்த பெண் உனக்குச் சளைத்தவளில்லை.

அன்று சாயங்காலம் நித்யா வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் பாதி கன்னடம்தான் வரும் என்று உனக்குத் தெரியும். "பேடா அத்தே. அம்மாவைப் போக விடாதே. அப்பாவும் இல்ல, அம்மாவும் போயிட்டா நான் யார்கிட்ட ஜகளா பண்றது?" என்றாள். சண்டை போடக்கூட ஆள் வேண்டுமே என்கிற கவலை அவளுக்கு. சிரித்துக்கொண்டே அணைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு உன் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ரொம்ப நாள் அப்படியே இருந்தாய்.

ஒருத்தி போகாவிட்டால் செத்துவிடுவேன் என்கிறாள். இன்னொருத்தி போனால் செத்துவிடுவாள் என்கிறாள். நடுவில் என்னை நிறுத்திவிட்டு நீ நிம்மதியாகப் போய்விட்டாய். இதற்குப் பெயர் என்ன, ராசு?

சரி, பார்த்துவிடலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். படகு கரைமேல் கட்டைகளில் ஏறி நின்றது. கனகு பாயை ஏற்றினாள். காற்றே இல்லாத காலை. தரையில் இருக்கிற படகுதானே என்று நானும் ஏறி, கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றச் சுற்ற வால் தொங்கியது. கனகு போய் அதற்குக் கீழே நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். தடி அவள் நெற்றியைத் தொட்டது.

பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த குளிக்கிற துண்டுகளை எடுத்தேன். பாயை விரித்து, வால்பக்கத்தில் துண்டுகளை வைத்து மறுபடி சுற்றினேன். வால் எழும்பியது. நான் சொன்னேனா இல்லையா என்று வானத்தைப் பார்த்து உன்னைக் கேட்டேன். ஆனால் மூன்றாவது சுற்றில் துண்டு நழுவிப் பின்னால் வந்து விழுந்தது. மறுபடி வைத்தோம், மறுபடி விழுந்தது. தடி அவ்வளவு வழுவழுப்பு. நம் உருளை மாதிரி.

தடியில் ஏதாவது பிடிமானம் கிடைக்குமா என்று கையால் தடவிப் பார்த்தேன். வால்பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள் விரலில் தட்டுப்பட்டன. நகத்தால் பெயிண்டைச் சுரண்டினேன். துளை அடைக்கிற புட்டிப் பசை. அதற்குள் திருகாணித் துளை. வட்டம் வட்டமாக, தடியைச் சுற்றிலும்.

கனகு அங்கேயே மங்களூருக்குப் போன் போட்டாள். பெரியவர் எங்களை விசாரித்துவிட்டு, வால் தொங்குகிறது என்றதும் கன்னடத்தில் ஆச்சரியப்பட்டார். தொங்காதே, அங்கே நான்கு பக்கமும் மரப்பட்டைகள் இருக்குமே, அதற்காகத்தானே அவை என்றார். வால்பக்கம் தடிமனாக ஆரம்பித்து நடுவில் ஒன்றுமில்லாமல் மெலிந்து முடிகிற பட்டைகளாம். வாங்கின நாளிலிருந்தே தடியோடு இருந்தவையாம். அவை எங்கே என்று கேட்டார்.

கனகு போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"படகு நம்ம கைக்கு வந்த மொத வாரமே கழட்டிட்டாருங்கண்ணி. பட்டை இருக்கற எடத்துல பாயில தழும்பு விழுதுன்னாரு. ரெண்டு நாளு உக்காந்து இழைச்சாரு."

நான் படகின் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தழும்பு. நம் கடையில் கேட்கிற முதல் வார்த்தை. உருளையில் ஒரு அரிசி அளவு மேடு இருந்தால் போதும், பட்டில் அதன் தழும்பு விழுந்துவிடும், புடவைக்காரம்மா மூஞ்சியில் எறிவாள். அதனால்தானே தினமும் கடை திறந்ததும் நீயும் நானும் உள்ளங்கையால் உருளையைத் தடவிப் பார்ப்போம்? நீ படகுக்குப் போயும் அதையே செய்திருக்கிறாய். தடியைத் தடவியிருக்கிறாய். மேடு தட்டியிருக்கிறது. சுருட்டிப் பிரித்த பாயில் தழும்பு இருந்திருக்கிறது. உனக்குப் பொறுக்கவில்லை. கழற்றிக் கடாசிவிட்டு, துளையை அடைத்து, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்து, ஒரு பட்டுப்புடவை சுற்றலாம் போல ஆக்கி வைத்துவிட்டாய்.

புடவை வேலையைக் கடையோடு வைத்துக்கொள் என்று என்னிடம் சொன்னவன் நீதானே? முதல் வாரமே அதை மூட்டை கட்டிப் படகுக்குக் கொண்டுபோனதும் நீதானே? அடப்பாவி. யார் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற பாய் அது? பாய்க்குத் தழும்பு விழக் கூடாது, உன் மண்டைக்கு விழலாமா?

நான் கரையில் நின்று கத்தினபோதாவது உனக்குத் தெரிந்திருக்குமே, கழற்றின பட்டைகள்தான் காரணம் என்று. தெரிந்தும் வீம்புக்கு மறைத்தாயா? இல்லை, அவை எதற்கு இருந்தன என்று கடைசிவரை யோசிக்கவே இல்லையா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். கனகு இரண்டாவதுதான் என்கிறாள். நான் முதலாவது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்போதுதான் திட்ட வசதி.

அன்று படகில் உட்கார்ந்து உன்னைத் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது, மலரில் போட மாட்டார்கள். தோட்டத்தில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர் மரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். கனகு என்னை நிறுத்தவில்லை. நான் களைத்து ஓய்ந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இன்னும் இருந்தா அதையும் சொல்லிப் போடுங்க அண்ணி" என்றாள்.

அடுப்பு எரிக்க விசாரித்த அதே ஆசாரியிடம் போய்ப் பட்டை செய்யச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முதலில் செய்தவை தடிமன் அதிகம். சுற்றினால் வால் வானத்தைப் பார்த்தது, பாயில் மூலையிலிருந்து மூலைக்குச் சுருக்கம் ஓடியது. இழைத்துக் குறைத்தார். மறுபடி மாட்டி, சுற்றி, பார்த்து, இன்னும் கொஞ்சம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உருளை சுற்றுகிற வேலை எனக்கு. உன் சொர்க்கத்தை நானும் பார்த்துவிட்டேன், தோள்பட்டை வலிக்கிறது. கடைசியில் ஒருநாள் பாதிப் பாய் சுருண்டும் பூம் ஒழுங்காக நின்றது. பாய் பை போல ஊதாமல், கஞ்சி போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. கனகு கீழே உட்கார்ந்து கையை உயர்த்தினாள். விரல் நுனிதான் தடியைத் தொட்டது.

கப்பிக் கயிற்றுக்கு வழி கண்டுபிடித்தது கனகு. லாரியில் சரக்கு கட்டுகிற அகலமான பெல்ட்டில் ஒரு துண்டு வாங்கினாள். பாயைச் சுருட்ட ஆரம்பிக்கும்போதே அதன் ஒரு முனையைப் பாய்க்கு நடுவில் கொடுத்துவிட வேண்டும். அதுவும் பாயோடு சேர்ந்து சுருண்டு இறுகிக்கொள்ளும். மறுமுனை கீழே தொங்கும், அதில் வளையம். சுருட்டி முடித்ததும் கப்பிக் கயிற்றை அந்த வளையத்தில் மாட்டி இறுக்கினால் தடி எகிறாது. கைப்பிடியின் பல்சக்கரம் பிடித்துக்கொள்வதால் சுருளும் பிரியாது. காயத்துக்குக் கட்டுப் போடுகிறவளுக்கு வருகிற யோசனைதான். கடைசிச் சுற்றில் நுனியை உள்ளே விடுவதும் முதல் சுற்றில் விடுவதும் அவளுக்கு என்ன பெரிய விஷயமா?

திதி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது நேற்று, படகை இறக்கினோம். நித்யாவும் வந்தாள். கரையில் எனக்கு உரிய இடத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒருவர் கயிற்றைத் தளர்த்தும்போது இன்னொருவர் கைப்பிடி சுற்ற வேண்டும் இல்லையா? அந்த இன்னொருவர் யார்? நான். உயிர்காக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு, அது போதாது என்று உன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு ஏறினேன். கனகு பார்த்தாள், சிரிக்கவில்லை. "தாடைப் பட்டியையும் மாட்டிக்குங்க" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் காற்று வந்தது. அதே ஆனிக் காற்று. படகு சாய, நான் தெரிந்த சாமி பெயரை எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் உன் பெயரையும் சொல்லிவிட்டேன். கோபத்தில்தான். கனகு கயிற்றைத் தளர்த்தினாள். நான் பெல்ட்டைக் கொடுத்து, கைப்பிடியைச் சுற்றினேன். சுற்று நிதானமாகத்தான் வந்தது, அது நம் கை. வால் தொங்கவில்லை. அவள் கப்பிக் கயிற்றை மாட்டி இறுக்கினாள். படகு ஒருமாதிரி அடங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பியது.

அந்த இடம் வந்தது. எனக்குக் கேட்காமலே தெரிந்தது, அவள் முகம் மாறியதால். போன வருஷம் தானாக வந்து உன்னை அடித்த தடியை, இந்தத் தடவை அவளே அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவரப் போகிறாள். அதைச் செய்யாமல் கரைக்கு வர வேறு வழியும் இருந்தது, சுற்றிக்கொண்டு வரலாம். அவள் அந்த வழியைப் பார்க்கவே இல்லை.

"குனிங்க அண்ணி," என்றாள், சாதாரணமாக.

குனிந்தேன். தடியைப் பிடித்து இழுக்கிற பின்கயிற்றைக் கை மேல் கை வைத்து இழுத்துக் குறுக்கி, சுக்கானைத் திருப்பினாள். தடி எகிறவில்லை. எங்கள் தலைக்கு மேலே, நல்ல உயரத்தில், டக்கென்று அந்தப் பக்கம் போய் நின்றது. அவ்வளவுதான். ஒரு கதவு சாத்தின சத்தம்கூட இல்லை.

கனகு அழவில்லை. மடியை ஒருதரம் பார்த்தாள், உன் தலை இருந்த இடத்தை. பிறகு, "இன்னொருக்காத் திருப்பிப் பாக்கலாமா?" என்றாள். திருப்பினோம். மறுபடி திருப்பினோம். நான் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். அழுதது துக்கத்தில் இல்லை, ராசு. ஆத்திரத்தில். நாலு மரப்பட்டை, ஒரு முழம் பெல்ட். இவ்வளவுதானா? இதற்காகவா நீ செத்தாய்? பெரிய புயல், பெரிய அலை, யாராலும் தடுக்க முடியாதது என்று இருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். இது ஒரு மத்தியானத்து வேலை. இரண்டு பெண்கள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் முடிந்துபோயிருக்கிற வேலை. இதை நான் எந்தக் கோயிலில் போய் ஆற்றிக்கொள்வது?

கரைக்கு வந்ததும் நித்யா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, இனி அம்மா தனியாகப் போகக் கூடாது, நீயும் ஏற வேண்டும் அத்தே, அப்படியானால் நான் தடுக்க மாட்டேன் என்றாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் உடன்படிக்கை ஆனது. பலியாடு நான்.

ஆகவே கேட்டுக்கொள். கனகு அந்தத் தண்ணீரை விட மாட்டாள், நான் அவளை விட மாட்டேன். எனக்கு இன்னும் நீச்சல் தெரியாது, பயமும் போகவில்லை. ஆனாலும் காற்று ஏறினால் பாயைச் சுருட்ட அவள் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அவள் வேண்டாம் என்றால் போக மாட்டோம், திரும்பு என்றால் திரும்புவோம், கொஞ்ச தூரந்தானே என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவள் காலால் நடந்து கரையேறுவதை ஒவ்வொரு தடவையும் என் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் இறங்குவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. மன்னிப்பு மட்டும் என்னிடம் கேட்காதே, அது இன்னும் கைவசம் வரவில்லை.

இப்படிக்கு,
திட்டுவதற்கு உன்னைத் தவிர வேறு தம்பி இல்லாத உன் அக்கா,
பாக்கியம்